கள்ளக்குறிச்சியில கடலையே கிடையாது

நீங்க எப்பவாச்சும் ஒரு ஹோட்டல் சமையக்கட்டுக்குள்ள தலைய நீட்டி, “அண்ணே, இந்தச் சட்னியில என்னென்ன போட்டு அரைச்சீங்க?”ன்னு கேட்டுட்டு கரண்டியடி வாங்காம திரும்பி வந்திருக்கீங்களா? நான் வந்திருக்கேன். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, பல தடவை. டிகிரி வாங்கினதெல்லாம் அதுக்கப்புறம்தான் கணக்கு.

விஷயம் இதான். எனக்கு கடலை ஆகாது. ஒரு துணுக்கு வாயில பட்டாப் போதும், உதடு பணியாரம் மாதிரி உப்பிரும். கூட கொஞ்சம் உள்ள போயிட்டா மூச்சு இழுக்க ஆரம்பிச்சிரும். சின்னப்புள்ளையில ஆஸ்பத்திரியில படுத்து எந்திரிச்ச கதையெல்லாம் உண்டு. ஊரு அருப்புக்கோட்டை. அங்கிட்டு கொஞ்சம் போனா கோவில்பட்டி, கடலைமிட்டாய்க்கே பேர் வாங்குன ஊரு. சாமி எனக்கு இடம் பாத்து சீட்டு போட்டிருக்கு பாருங்க.

இப்ப பெங்களூர்ல ஒரு வேலை கெடச்சிருக்கு. அம்மா விட மாட்டேங்குது. “அங்க எவ கையால தின்னு எங்க விழுந்து கெடப்பியோ”ன்னு ஒரே அழுகாச்சி. கடைசியா ஒரு பரீட்சை வச்சுச்சு. நாலு நாள் தெரியாத ஊருக்குப் போகணும். கடையிலதான் சாப்பிடணும், அதுவும் அது குடுக்குற காசுக்குள்ள. சாயந்தரம் சாயந்தரம் வீடியோ கால்ல மூஞ்சிய காட்டணும். மூஞ்சி இதே மூஞ்சியா திரும்பி வந்தா பெங்களூர். வீங்கிக்கிட்டு வந்தா, எங்க ஜவுளிக்கடையில உக்காந்து ஆயுசுக்கும் ஜாக்கெட் துணி கிழிக்கணும்.

அதனாலதான் கள்ளக்குறிச்சி. அங்கதான் ஜெயந்தி இருக்கா. ஆன்லைன்ல ஒண்ணா இன்டர்ன்ஷிப் பண்ணோம், ஒரே கம்பெனியில வேலை வாங்கினோம், பெங்களூர்ல ஒரே ரூம் எடுக்குறதா பிளான். நேர்ல பாத்ததே கெடையாது. போன்ல “எனக்கு கடலை அலர்ஜிடி”ன்னு சொன்னதுமே கத்துனா: “அத்த நான் பாத்துக்கிறேன். ஒரு பொட்டு உன் வாயில படாது. எங்கூர்ல வந்து உனக்கு எதுனா ஆச்சுன்னா என் பேர மாத்திக்கிறேன்.” எங்கம்மாகிட்டயும் தனியா போன் போட்டு அதே வசனம். அம்மாவுக்கு ஒரே சந்தோசம்.

மொத நாள் காலையில கள்ளக்குறிச்சி பஸ்ஸு மாற உளுந்தூர்பேட்டையில எறங்கினேன். ரோட்டோரம் பூரா ஹோட்டல், லாரி, பஸ்ஸு, ஆரன் சத்தம். பளபளன்னு ஒரு பெரிய ஹோட்டல் வாசல்ல போர்டு: ‘இங்கு மரச்செக்கு எண்ணெயில் மட்டுமே சமைக்கப்படும்.’ நீங்க பாத்தா ஆரோக்கியம்னு உள்ள போவீங்க. எனக்கு அது மண்டை ஓடு போட்ட போர்டு. செக்குல ஆட்டுன கடலை எண்ணெய்யில தோசை சுட்டா நான் நேரா ஆம்புலன்ஸ்தான்.

இதுல நான் கண்டுபிடிச்ச ஒரு தத்துவம் இருக்கு. கடை எவ்வளவு ஏப்பசாப்பையா இருக்கோ, எனக்கு அவ்வளவு பாதுகாப்பு. தள்ளி ஒரு புரோட்டாக் கடை, தகரக் கூரை. கல்லுக்கு முன்னாடி நின்ன அண்ணன்கிட்ட போனேன்.

“அண்ணே, என்ன எண்ணெய் ஊத்துறீங்க?”

“ஏம்மா, செக்கிங்கா? ஆபீசுலேர்ந்து வர்றியா?”

“இல்லண்ணே, கடலை எண்ணெய் எனக்கு ஆகாது.”

“கடலெண்ணெய்யா! நீ வேற. நான் போடுற ரேட்டுக்கு கடலெண்ணெய் ஊத்துனா வூட்டுக்கு துண்டோடதான் போவணும். பாமாயிலும்மா. சுத்தமான பாமாயிலு.”

சுத்தமான பாமாயில். இவ்வளவு பெருமையா ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்ல. எனக்கு கண்ணு கலங்கிருச்சு. சால்னாவுக்கு என்ன அரைச்சீங்கன்னு கேட்டேன். பொட்டுக்கடலை, தேங்காய்னாரு. அது ரெண்டும் எனக்கு ஒண்ணும் செய்யாது. நாலு புரோட்டா உள்ள போச்சு. சாயந்தரம் அம்மாகிட்ட மூஞ்சி காட்டினேன். “ரைட் சைடு திரும்பு. லெஃப்ட் சைடு. உதட்ட குவி.” பாஸ்.

ஜெயந்தி கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டிருந்தா. நேர்ல பாத்ததும் மொத வார்த்தை, “இன்னாடி, போட்டோல ஜாஸ்தியா இருந்த, நேர்ல கம்மியா இருக்க?” நமக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னா, ரொம்ப மெலிஞ்சு போயிட்டன்னு அக்கறையா விசாரிக்கிறா. நான் “அங்கிட்டு போய் ஒக்காருவோமா”ன்னு கேட்டதுக்கு அவ சிரிச்ச சிரிப்புல டைம் கீப்பர் எட்டிப் பாத்தாரு. அவ சித்திக்கு போன் போட்டு, “சித்தி, இது அங்கிட்டுன்னு சொல்லுது, நீயே கேளு”ன்னு ஸ்பீக்கர்ல வேற போட்டா. பாஸ்போர்ட் இல்லாமலே ஃபாரின் வந்துட்டேன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

தங்கல் அவங்க வீட்டுல. அதாவது வூட்டுல. அவ அம்மா கரும்பு வெட்டுற வேலைக்குப் போறவங்க, மறுநாள் காலையில கெளம்புறதுக்கு முன்னாடி சொம்பு நெறைய கேழ்வரகு கூழ் கரைச்சு வச்சாங்க. நான் அம்மா போட்ட ரூல சொல்லி, கடையிலதான் சாப்பிடணும்னு இழுத்தேன். அவங்க முகம் மாறுச்சு. “ஏம்மா, எங்க வூட்டு கூழு உள்ள எறங்காதா?”

கேட்டது சிரிச்சுக்கிட்டேதான். ஆனா அந்தக் கேள்வி கூழப் பத்தினது மட்டும் இல்லன்னு புரியாத அளவுக்கு நான் மக்கு இல்ல. சொம்ப வாங்கி நின்ன வாக்குல குடிச்சேன். வெங்காயம், மோர் மொளகா. ரெண்டாவது சொம்பு நானே கேட்டேன். அம்மா ரூல்ல ஒண்ணு அவுட்டு. போகட்டும். மூஞ்சி பாஸ், அதான முக்கியம்.

அன்னைக்கு கள்ளக்குறிச்சி டவுன்ல சாப்பாட்டு வேட்டை. ஜெயந்திக்கு என்ன ஆவேசம் வந்துச்சோ தெரியல, ஒவ்வொரு கடையிலயும் எனக்கு முன்னாடி பூந்து சப்ளையர புடிச்சு விசாரணை.

இட்லிக் கடையில: “தேங்கா சட்னில கடலை இருக்கா?” “இருக்குதும்மா, பொட்டுக்கடலை.” “அப்ப சட்னி வேணாம். சாம்பார் மட்டும் ஊத்துங்க.”

“ஏ, பொட்டுக்கடலை எனக்கு ஆகும்டி,” இது நான்.

“வாய மூடு. பேர்லயே கடலை இருக்குது. இவ்ளோ கேர்லெஸ்ஸா இருந்துக்கினு நீ எப்டிடி இத்தினி வருஷம் உயிரோட இருந்த?”

டீக்கடையில பஜ்ஜிய எடுக்கப் போனா கையில ஒரு அடி. பருப்பு வடைக்கு இன்னொரு அடி. மைசூர்பாகு பக்கம் திரும்பினதுக்கே மொறைச்சா. எண்ணெய்ய நெனச்சு பயப்படுறா போலன்னு நானும் விட்டுட்டேன். நம்மளவிட நம்ம மேல ஒருத்தி பயந்தா அது ஒரு சொகமாத்தான் இருக்கு. ஆனா பசிக்குதே! வெறும் இட்லி, வெறும் சாம்பார், மத்தியானம் தயிர் சாதம், ராத்திரி மறுபடி இட்லி. இவ்வளவு பஜ்ஜி மணக்குற ஊர்ல மூக்கால மட்டும் வயித்த ரொப்புனது நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அடுத்த நாள் மலைக்குப் போற பிளான். கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலை பஸ்ஸ புடிக்கணும். ஜெயந்தி தண்ணி பாட்டில் வாங்கப் போன கேப்புல ஒரு பஸ் வந்து நின்னுச்சு. லேடீஸ்க்கு ஃப்ரீ பஸ். ஃப்ரீன்னு எழுதியிருந்தா நான் ஏறிருவேன், அது எனக்கு ஒரு வியாதி. ஏறி சீட்டப் புடிச்சு ஜன்னல் வழியா கையாட்டினேன். அவளும் ஓடி வந்து ஏறினா. பஸ் நகந்து ஊரு தாண்டினப்பறம்தான் போர்ட கேட்டா.

“நீ போர்ட பாத்தியா?”

“ஃப்ரீன்னு இருந்துச்சு.”

“அடியே, அது ஊரு பேரா?”

மலைய பாக்கப் போன ரெண்டு பேரும் சின்னசேலத்துல எறங்கினோம். மலை அந்தப் பக்கம் நீலமா தெரிஞ்சுது, எங்களப் பாத்து சிரிச்ச மாதிரி. சரி, வந்ததுக்கு சாப்பிடுவோம்னு ஒரு மெஸ்ஸு. நம்ம வயசுல ஒரு சப்ளையர், நெத்தியில விபூதி. ஜெயந்தி வழக்கம் போல எந்திரிச்சு நின்னு, கடையே கேக்குற மாதிரி கேட்டா:

“அண்ணா, நீங்க கடலை போடுவீங்களா?”

கை கழுவிக்கிட்டிருந்தவரு கூட திரும்பிப் பாத்தாரு. அந்த அண்ணன் இலைய வச்ச கைய எடுக்காம சொன்னாரு, “எனக்கு கல்யாணம் ஆயிடுச்சும்மா.”

கல்லாவுல இருந்தவரு சிரிச்சு பொறை ஏறி, தண்ணி குடிச்சு, மறுபடி சிரிச்சாரு. ஜெயந்தி மூஞ்சி போன போக்க பாத்துட்டு எனக்கு சோறே எறங்கல. அன்னைக்கு பூரா அவகிட்ட “நீங்க கடலை போடுவீங்களா”ன்னே பேசிக்கிட்டு திரிஞ்சேன். சாயந்தரம் வீடியோ கால்ல அம்மா, “என்னடி இப்படி சிரிக்கிற, மூஞ்சி வீங்கின மாதிரி தெரியுது”ன்னு சந்தேகப்பட்டு ரெண்டு தடவை செக் பண்ணுச்சு. பாஸ்.

இன்னைக்குத்தான் ஒரு வழியா சரியான பஸ்ஸு. மலை ஏற ஏற பஸ்ஸு மூச்சு வாங்குது. முன்சீட்டு மாமா ஒவ்வொரு வளைவுக்கும் தலைய வெளிய நீட்டி, உள்ள இழுத்து, வாயத் தொடச்சுட்டு, “ஒண்ணும் இல்ல, எனக்கு எப்பவும் இப்டிதான்”ன்னு எல்லாருக்கும் தைரியம் சொல்லிக்கிட்டே வந்தாரு. மலை மேல கரியாலூர்ல எறங்கினதும் குளிருச்சு. அருவிக்குப் போற வழியில ஒரு கொரங்கு, கட்டிட்டு வந்த தயிர் சாத பொட்டலத்த என் கையிலேர்ந்து உருவிட்டுப் போயிருச்சு. மரத்து மேல உக்காந்து ஒரு வாய் தின்னு பாத்துட்டு கீழ போட்டுச்சு. அதுக்கே சலிச்சுப் போச்சு, எனக்கு எப்படி இருக்கும்?

பசி. ரோட்டோரம் ஒரு சின்ன மெஸ்ஸு, நாலே பெஞ்சு, வெறகடுப்பு. நடத்துறது செல்வி அக்கா. ஜெயந்தி என்னைய வாசல்லயே நிக்க வச்சுட்டு நேரா அடுப்படிக்குப் போயிட்டா. உள்ள பேசுறது வெளிய கேக்குது.

“அக்கா, அதுக்கு கடலை ஆவாது. ஒண்ணே ஒண்ணு பட்டாலும் மூச்சு நின்னுடும். பொட்டுக்கடலை, கடலப்பருப்பு, கடலமாவு, எதுவும் கூடாது.”

“கடலைக்கு நான் எங்கம்மா போறது? இங்க எல்லாம் மல்லாட்டைதான். சாமை சோறும், மல்லாட்டை தொவையலும் இருக்குது. வேணுமா?”

“ஐயோ, அது போதுங்க்கா!”

மல்லாட்டை. நான் கேள்விப்பட்டதே இல்லாத பேரு. மலையில வெளையுற ஏதோ கெழங்கு போலன்னு நெனச்சேன், பேர்லயே மலை இருக்கே. இருந்தாலும் நான் சும்மா விடுற ஆள் இல்ல. இலை போட்டதும் கேட்டேன்.

“அக்கா, இந்த மல்லாட்டை தொவையல்ல கடலை கலந்திருக்கா?”

அக்காவும் ஜெயந்தியும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

“மல்லாட்டைல எப்டிம்மா கடலை இருக்கும்?” அக்காவுக்கு சிரிப்பு.

“எங்கூரு ஸ்பெஷல்டி. மூணு நாளா உன்ன பட்டினி போட்டேன்ல, இத்த எவ்ளோ வேணா துன்னு,” ஜெயந்தி எடுத்து இலையில வச்சதே ஒரு குட்டி மலை.

பூண்டு, வரமொளகா, புளி, அடுப்புப் பொகை. எனக்கு வேற வாசனையே வரல. சாமை சோத்துல பெசஞ்சு ஒரு வாய். நாக்கு சுருக்குன்னுச்சு. மொளகா காரம்னு நெனச்சேன். ரெண்டாவது வாய். சத்தியமா சொல்றேன், மூணு நாள்ல சாப்பிட்டதுலயே அதான் ருசி. இத்தனை வருஷமா ஒலகம் இதத்தான் என்கிட்ட இருந்து மறைச்சு வச்சுக்கிட்டு தின்னுருக்கு.

மூணாவது வாய்க்கு கை போகல. மேல் உதட்டுல யாரோ உள்ள இருந்து காத்து அடிக்கிற மாதிரி. அது எனக்கு நல்லாத் தெரிஞ்ச காத்து.

துப்பினேன். தண்ணிய வாங்கி கொப்புளிச்சேன். “இது என்னது? மல்லாட்டைன்னா என்னது?”

செல்வி அக்கா பயந்து போய் உள்ள ஓடி, வறுத்து வச்சிருந்தத மொறத்தோட தூக்கிட்டு வந்தாங்க. “இதாம்மா மல்லாட்டை!”

“ஏ, இது கடலைடி!”

“இது மல்லாட்டைடி! கடலைன்னா கொண்டக்கடலை, கடலப்பருப்பு!”

“கொண்டக்கடலைய கொண்டக்கடலைன்னு சொல்லு! வெறும் கடலைன்னா இதான்டி!”

“எந்த ஊர்ல?”

“எங்க ஊர்ல!”

“நீ எங்கூர்ல உக்காந்து துன்னுக்கினு இருக்க!”

“அப்ப கடலை எண்ணெய் எதுலேர்ந்துடி எடுக்குறீங்க?”

ஜெயந்தி மொறத்துலேர்ந்து ஒண்ண எடுத்து உத்துப் பாத்தா. செல்வி அக்காதான் மெதுவா சொன்னாங்க, “மல்லாட்டைலேர்ந்துதான்.”

“அப்ப அத ஏன் கடலெண்ணெய்ன்னு சொல்றீங்க?”

பதிலுக்கு நான் காத்துக்கிட்டு நிக்கல. பைய கவுத்து, எப்பவும் வச்சிருக்குற மாத்திரைய எடுத்து போட்டேன். தொண்டை அரிக்க ஆரம்பிச்சுது. கை பூரா தடிப்பு. சிரிப்பெல்லாம் அங்கேயே நின்னுருச்சு. செல்வி அக்கா நடுரோட்டுல போய் கைய விரிச்சு நின்னு ஒரு ஜீப்ப மறிச்சாங்க. உள்ள பூரா மரவள்ளிக் கெழங்கு மூட்டை. “அண்ணா, புள்ளைக்கு மூச்சு முட்டுது, ஆஸ்பத்திரிக்கு வுடுங்க!” டிரைவர் ஒரு வார்த்தை கேக்கல. மூட்டை மேலயே எங்கள ஏத்தினாரு.

அந்த ஜீப்புல நெஞ்சுக்குள்ள ஒரு கயிறு இறுக்கின மாதிரி இருந்துச்சு. மூச்சு உள்ள போகுது, பாதியில நிக்குது. பெங்களூர் ஞாபகம் வரல, அம்மா ஞாபகம் வரல, அடுத்த மூச்சு மட்டும்தான். ஜெயந்தி என் கைய புடிச்சிருந்தா.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரி நர்சு அக்கா என் மூஞ்சிய பாத்ததுமே ஊசிய எடுத்துட்டாங்க. போட்டுக்கிட்டே, “இன்னா துன்ன?”

“மல்லாட்டை,” ஜெயந்தி.

“கடலை,” நான்.

“ரெண்டுமா?”

டாக்டரம்மா வந்து நெஞ்சுல கொழாய வச்சுப் பாத்து, இன்னொரு ஊசி, கொஞ்ச நேரம் ஆக்சிஜன். கயிறு அவுந்துச்சு. “பயமில்ல. ஆனா சாயந்தரம் வரைக்கும் இங்கயே உக்காரணும், மறுபடி வந்தாலும் வரும்”னாங்க. செல்போன தெறந்து மூஞ்சிய பாத்தேன். மூச்சு திரும்பிருச்சு, மூஞ்சி திரும்பல. உதடு ரெண்டும் எனக்கு முன்னாடி ஒரு அடி நடந்து போகுது.

வெளிய மரத்தடி பெஞ்சு. அப்பத்தான் ஜெயந்தி அழுதா. ஒரு நிமிசம்தான். அழுது முடிச்ச ஒடனே திட்டம் போட ஆரம்பிச்சுட்டா.

“உங்கம்மாகிட்ட தேனீ கொட்டுச்சுன்னு சொல்லிடலாம். மலையில தேனீ ஜாஸ்தி. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

“ரெண்டு உதட்டுலயுமா கொட்டுச்சு?”

“ரெண்டு தேனீ.”

யோசிச்சுப் பாத்தேன். நல்ல ஐடியாதான். பெங்களூரு, ஒரே ரூமு, எல்லாம் அந்த ரெண்டு தேனீ கையிலதான் இருந்துச்சு. என் போன்ல சிக்னல் இல்ல. அவ போன்ல ஒரு கோடு இருந்துச்சு. அதுலதான் அம்மா வீடியோ கால்ல கூப்ட்டுச்சு. எனக்கு கால் போகலன்னு அவளுக்கு அடிச்சிருக்கு. ஜெயந்தி தொண்டைய செருமிக்கிட்டு எடுத்தா.

“ஜெயந்தி, ஏத்தா, அவ எங்க? நல்லா இருக்காளா?”

“நல்லா இருக்குதும்மா. ஒரு தே…” அவ்வளவுதான், ஒடைஞ்சுட்டா. “அம்மா, நான்தாம்மா குடுத்தேன். கடலை ஒண்ணு கூட குடுக்கலம்மா. மல்லாட்டைம்மா. எங்களுக்கு அது கடலை இல்லம்மா!”

நான் போன புடுங்கி மூஞ்சிய காட்டினேன். இதுக்கு மேல என்னத்த மறைக்க? அம்மா பாத்துச்சு. மூச்சு எப்படி இருக்குன்னு கேட்டுச்சு. ஊசி போட்டாங்களான்னு கேட்டுச்சு. நர்சம்மாகிட்ட குடுக்கச் சொல்லி அவங்ககிட்டயும் ஒரு தடவை கேட்டுச்சு. எல்லாம் முடிஞ்சப்பறம் மல்லாட்டைன்னா என்னன்னு கேட்டுச்சு. சொன்னேன். கடலை எண்ணெய் கதையையும் சேத்து சொன்னேன்.

ஜாக்கெட் துணி கண்ணு முன்னாடி ஆடுது.

“சரி,” அம்மா குரல். “பெங்களூர்ல அதுக்கு என்ன பேரு?”

“என்னது?”

“கடலைக்குத்தான் கேக்குறேன். உங்க ரெண்டு பேருல யாருக்காச்சும் தெரியுமா? அங்க கன்னடம் போக தெலுங்கு பேசுறவங்க, இந்தி பேசுறவங்க எல்லாம் இருப்பாக. எல்லாருஞ் சொல்ற பேரையும் படிச்சுக்கிட்டு வா. இந்த ஒத்த பேர வச்சுக்கிட்டு எங்கிட்டும் நீ போகக்கூடாது.”

வச்சுருச்சு.

ஜெயந்தி என்னைய பாத்தா. “இது ஓகேவா, இல்லையா?”

“தெரியல. தேடு.”

தேடிக்கிட்டிருக்கா. இருந்த ஒரு கோடும் இப்ப வந்து வந்து போகுது, பேஜ் இன்னும் ஓப்பன் ஆகல.